மூடிக்குள் ஒளிந்திருக்கும் ஈரம்

நுழையும்முன்

ஊசியின்வழி உடலுக்குள் செல்லும் மருந்தைப் பற்றிப் பலரும் பேசுவர். அம்மருந்து இருந்த குப்பியின் வாயை அடைத்திருந்த சிறு ரப்பர்த் துண்டைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. மருந்தைக் காப்பதற்கென்றே அமைந்த அத்துண்டு, சில வேளைகளில் மருந்தைக் கெடுப்பதற்கும் காரணமாகிவிடுகிறது. அது எவ்வாறு நிகழ்கிறது, அதை எவ்வாறு தடுக்கின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடற்கரையின் பாடம்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரையில் வாழ்வோர்க்கு ஈரக்காற்றின் இயல்பை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொரித்த அப்பளம் சிறிது நேரத்தில் நமுத்துவிடும். உப்புச் சாடியில் உப்பு கசிந்து கட்டியாகும். காசிமேட்டில் கடும் வெயிலில் காயவைத்து எடுத்த கருவாடும் ஐப்பசி மழைக் காலத்தில் மீண்டும் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். ஒன்றைக் காயவைப்பது ஒரு வேலை. காய்ந்ததைக் காய்ந்தபடியே வைத்திருப்பது வேறொரு வேலை. பின்னதே கடினமானது என்பது அப்பகுதி மக்களின் அன்றாட அறிவு.

துறைமுகத் தொழிலாளர் அறிந்த மற்றொரு செய்தியும் உண்டு. சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும் ஏற்றி இறக்கப்படும் இரும்புச் சரக்குப் பெட்டகங்கள் இறுக மூடப்பட்டவை. கடல்நீர் ஒரு துளியும் உட்புகாமல் வந்து சேர்ந்த பெட்டகத்தைத் திறந்தாலும், உள்ளிருக்கும் அட்டைப் பெட்டிகள் நனைந்திருப்பது உண்டு. அந்நீர் வெளியிலிருந்து வந்ததன்று. சரக்கை அடுக்குவதற்குப் பயன்படுத்திய மரச்சட்டங்கள் முழுமையாக உலராதிருந்தால், பகல் வெப்பத்தில் அவற்றிலுள்ள ஈரம் ஆவியாகும். இரவில் குளிர்ந்த இரும்புக் கூரையில் அது துளித்துளியாகத் திரண்டு சரக்கின்மேல் சொட்டும். கப்பல் துறையினர் இதனைப் பெட்டகத்துக்குள் பெய்யும் மழை என்றே குறிப்பிடுவர். பெட்டகம் எவ்வளவு இறுக மூடப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றிவரும்.

இந்நிகழ்வை மனத்தில் கொண்டு, அந்தப் பெட்டகத்தை ஒரு மருந்துக் குப்பியின் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் மருந்தியலின் நுட்பமான சிக்கல் ஒன்று விளங்கிவிடும்.

மருந்தை ஏன் உலர்த்துகின்றனர்?

சில மருந்துகள் நீரில் கரைந்த நிலையில் நெடுநாள் தாங்குவதில்லை. ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் போடப்படும் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசியில் வலுக்குறைந்த உயிருள்ள நச்சுயிரிகள் உள்ளன. அவை நீரில் விரைவில் மடிந்துவிடும். பாம்புக்கடிக்குத் தரப்படும் நச்சுமுறி மருந்தில் குதிரையின் குருதியிலிருந்து பெறப்பட்ட புரதங்கள் உள்ளன. நாட்கள் செல்லச் செல்ல அவையும் நீரில் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே, இத்தகைய மருந்துகளிலிருந்து நீரை அகற்றி, உலர்ந்த பொருளாகக் குப்பியில் அடைக்கின்றனர். பயன்படுத்தும் வேளையில் உரிய நீர்மத்தைச் சேர்த்துக் கரைத்துக்கொள்வர்.

கருவாட்டைப்போல் இவற்றை வெயிலில் உலர்த்த இயலாது. வெப்பமே இவற்றுக்குப் பகை. ஆகவே, உறைஉலர்த்தல் என்னும் முறை கையாளப்படுகிறது. குப்பிகளிலுள்ள கரைசல் ஏறத்தாழ –40 பாகை செல்சியசு அளவுக்கு உறையவைக்கப்படும். பின்னர், அவை இருக்கும் அறையின் காற்றழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவுக்குக் குறைக்கப்படும். அந்நிலையில் பனிக்கட்டி உருகி நீராகாமல் நேராக ஆவியாகும். கற்பூரம் கரைவதுபோன்ற இந்நிகழ்வைப் பதங்கமாதல் என்பர். அறையை ஒட்டியுள்ள மிகக் குளிர்ந்த சுருள்களில் அந்த ஆவி மீண்டும் பனியாகப் படியும். பனிக்கட்டி முழுதும் நீங்கியபின் வெப்பத்தைச் சற்றே உயர்த்தி, பொருளோடு ஒட்டியிருக்கும் எஞ்சிய ஈரத்தையும் வெளியேற்றுவர். இறுதியில் குப்பியின் அடியில் வெண்மையான, நுண்துளைகள் நிறைந்த ஒரு கட்டி எஞ்சும்.

இக்கட்டியின் அமைப்பைப் புரிந்துகொள்ளப் பஞ்சுமிட்டாயை எண்ணிப் பார்க்கலாம். திருவொற்றியூர்க் கோயிலின் மாசித் திருவிழாவில் வாங்கிய பஞ்சுமிட்டாயைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் கடற்காற்றில் சிறிது நேரம் வைத்திருந்தால் அது சுருங்கிப் பிசுபிசுப்பான உருண்டையாகிவிடும். பஞ்சுமிட்டாயில் உள்ள சர்க்கரை, படிகமாக அமையாமல் கண்ணாடிபோன்ற நிலையில் இறுகி நிற்பது. சிறிதளவு நீர் புகுந்தாலும் இறுகிநின்ற மூலக்கூறுகள் அசையத் தொடங்குகின்றன. உறைஉலர்ந்த மருந்துக் கட்டியிலும் சர்க்கரை முதலிய காப்புப் பொருள்கள் இதே நிலையில் நின்று, இடையிடையே உள்ள நச்சுயிரியையும் புரதத்தையும் அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரம் புகுந்தால் அப்பிடி தளரும். ஆதலால், இத்தகைய மருந்துகள் பலவற்றில் எஞ்சிய ஈரம் 3 விழுக்காட்டிற்கு மேற்படாமல் இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றனர்.

கிண்டியிலிருந்து ஒரு செய்தி

உறைஉலர் மருந்து தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சென்னை கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம், தொடக்கக் காலத்தில் அம்மைப்பால் ஆக்கும் பணியையே முதன்மையாகக் கொண்டிருந்தது. நீர்மநிலையில் இருந்த அம்மைப்பால் கோடை வெப்பத்தில் சில நாட்களிலேயே வீரியம் இழந்தது. இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த லெஸ்லி காலியர் 1950களில் வெப்பம் தாங்கும் உறைஉலர் அம்மைப்பாலைப் பெருமளவில் ஆக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். பின்னர், இந்தியாவில் அவ்வகை அம்மைப்பாலை ஆக்கிய நான்கு நிறுவனங்களுள் கிண்டி நிறுவனமும் ஒன்றாயிற்று. பனிப்பெட்டி செல்ல முடியாத சிற்றூர்களுக்கும் தடுப்பு மருந்து சென்றது. 1975ஆம் ஆண்டு மே மாதத்திற்குப்பின் இந்தியாவில் பெரியம்மை காணப்படவில்லை.

அக்காலத்து உறைஉலர் அம்மைப்பால் கண்ணாடிச் சிமிழ்களில் அடைக்கப்பட்டது. சிமிழின் கழுத்தைத் தீயில் உருக்கி மூடிவிடுவர். எங்கும் கண்ணாடியே ஆதலால் ஈரம் புகவும் வழியில்லை, ஈரம் ஒளிந்திருக்கவும் இடமில்லை. ஆயின், கண்ணாடியை உடைத்தே மருந்தை எடுக்க வேண்டும். உடைக்கும்போது நுண்துகள்கள் மருந்தில் விழக்கூடும். உடைத்த சிமிழை மீண்டும் மூட இயலாது. ஊசியால் குத்தி மருந்தை எடுத்தபின் துளை தானே மூடிக்கொள்ளும் ரப்பர் அடைப்பான் இக்குறைகளைத் தீர்த்தது. வசதி ஒன்று வந்தபோது, கண்ணாடிச் சிமிழில் இல்லாத கவலை ஒன்றும் உடன்வந்தது.

கால் முளைத்த அடைப்பான்

மருந்து ஆலைகளில் ‘ஸ்டாப்பர்’ என்று வழங்கும் இந்த அடைப்பானின் வடிவம் கூர்ந்து நோக்கத்தக்கது. சாதாரண மருந்துக் குப்பியின் அடைப்பான் முழு வட்டமான அடிப்பகுதி கொண்டது. உறைஉலர் மருந்துக்குரியதோ, அடிப்பகுதி பிளவுபட்டுக் கால்கள் முளைத்ததுபோல் இருக்கும். உலர்த்தும் அறைக்குள் குப்பிகளை வைக்கும்போது இந்த அடைப்பானைப் பாதியளவே செருகி வைப்பர். கால்களுக்கு இடையிலுள்ள பிளவின் வழியாக ஆவி வெளியேறும். அவ்வழி எவ்வளவு தேவையானது என்பதை ஓர் அளவால் உணரலாம்: ஒரே ஒரு கிராம் பனிக்கட்டி, அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் ஆவியாகும்போது பத்தாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தை நிரப்பும். உலர்த்தல் முடிந்ததும் அறையிலுள்ள தட்டுகள் மேலிருந்து கீழிறங்கி, ஆயிரக்கணக்கான அடைப்பான்களை ஒருசேர அழுத்தி முழுமையாக மூடிவிடும். வெளிக்காற்று படுவதற்கு முன்பே, வெற்றிடத்திலோ உலர்ந்த நைட்ரசன் வளியிலோ குப்பி அடைபட்டுவிடுகிறது.

இத்துணை ஏற்பாட்டுக்குப் பின்னும் சில குப்பிகளில் மாதங்கள் செல்லச் செல்ல ஈரம் கூடிக்கொண்டே வந்தது. வெளியிலிருந்து கசிந்திருக்கலாம் என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆனால், பல நேர்வுகளில் கசிவு ஏதும் இல்லை. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, அடைப்பானே ஈரத்தைக் கொண்டுவந்திருந்தது.

ரப்பரின் இயல்பு

வடசென்னைக்கும் ரப்பருக்கும் நெடுநாள் உறவுண்டு. 1946இல் கே.எம்.மாமென் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எப். என்னும் டயர் நிறுவனமாக வளர்ந்தது. பலூன் ஓரிரு நாட்களில் சுருங்கிவிடுவதை எல்லாரும் கண்டிருப்பர். இயற்கை ரப்பரின் ஊடே காற்று மெல்லக் கசிவதே அதற்குக் காரணம். டயருக்குள் காற்று நிலைத்து நிற்க வேறு ரப்பர் தேவைப்பட்டது. 1937இல் அமெரிக்காவில் ராபர்ட் தாமஸ், வில்லியம் ஸ்பார்க்ஸ் ஆகிய இருவரும் பெட்ரோலிய வளியிலிருந்து உருவாக்கிய பியூட்டைல் ரப்பர் அத்தேவையை நிறைவுசெய்தது. குளோரினோ புரோமினோ சேர்த்த பியூட்டைல் ரப்பரே இன்று டியூப் இல்லாத டயர்களின் உட்பூச்சாகவும் மருந்துக் குப்பிகளின் அடைப்பானாகவும் பயன்படுகிறது. சுமையுந்தின் சக்கரமும் குழந்தையின் தடுப்பூசிக் குப்பியும் ஒரே குலத்து ரப்பரை நம்பியிருப்பது வியப்பிற்குரியதுதான்.

பியூட்டைல் ரப்பர் நீரை எளிதில் ஊடுருவவிடாது. எனினும், அடைப்பான் தனி ரப்பரால் ஆனதன்று. உறுதிக்காகச் சுட்ட களிமண், சிலிக்கா போன்ற நிரப்பிகளையும் ரப்பரை இறுகச் செய்யும் வேதிப்பொருள்களையும் அதில் கலக்கின்றனர். இவற்றுள் சில நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்பின. அடைப்பானைப் பயன்படுத்துமுன் அழுக்கு நீங்கக் கழுவ வேண்டும். கிருமி நீங்க 121 பாகை செல்சியசு வெப்பமுள்ள அழுத்த நீராவியில் வைக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் அந்த நீராவிதான் ரப்பருக்குள் ஈரத்தையும் புகுத்துகிறது. வெளியே தொட்டுப் பார்த்தால் உலர்ந்தே இருக்கும். உள்ளே ஈரம் தங்கியிருக்கும்.

ஒரு சிறு கணக்கு இதன் அளவைக் காட்டும். ஓர் அடைப்பானின் எடை 2 கிராம் எனவும், அதில் ஈரம் 0.1 விழுக்காடு எனவும் கொள்வோம். அப்படியானால் அதிலுள்ள நீர் 2 மில்லிகிராம். இது மிகச் சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால், குப்பிக்குள் உள்ள மருந்துக் கட்டியின் எடை 50 மில்லிகிராம் எனில், அந்நீரில் பாதி இடம்பெயர்ந்தாலே கட்டியின் ஈரம் 2 விழுக்காடு கூடிவிடும். ஆலையில் 1 விழுக்காடு ஈரத்தோடு புறப்பட்ட மருந்து, எவரும் திறக்காமலேயே 3 விழுக்காட்டு எல்லையைத் தொட்டு நிற்கும். இராயபுரத்தின் 30 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றை 10 மில்லிலிட்டர் குப்பியில் அப்படியே அடைத்தாலும் அதிலுள்ள நீர் கால் மில்லிகிராம் அளவைத் தாண்டாது. அஞ்சத்தக்கது கடற்காற்றா, கையிலுள்ள அடைப்பானா என்பதற்கு இந்த ஒப்பீடே விடை.

ஈரம் ஏன் ரப்பரிலிருந்து மருந்துக்குச் செல்கிறது என்னும் வினா எழலாம். ஈரமுள்ள இடத்திலிருந்து ஈரம் குறைந்த இடத்திற்கு நீராவி நகர்வது இயற்கை. குப்பிக்குள் மிகவும் உலர்ந்திருப்பது மருந்தே. ஆகவே, மருந்தை எவ்வளவு நன்றாக உலர்த்துகின்றோமோ அவ்வளவு ஆவலோடு அது அடைப்பானின் ஈரத்தை ஈர்க்கும். மைக்கேல் பிகல், ஷா ஆகிய இரு அறிவியலாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடப்பெயர்ச்சியைத் தெளிவாக ஆராய்ந்தது. ஈரம் முதலில் விரைந்து ஏறும். பின்னர் அடைப்பானும் மருந்தும் சமநிலை எய்தியதும் நின்றுவிடும். எந்த அளவில் நிற்கும் என்பது அடைப்பானை எப்படிப் பதப்படுத்தினர் என்பதையும் மருந்துக் கட்டியின் எடையையும் பொறுத்தது. வெப்பம் மிகுந்தால் அந்நிலை விரைவில் வந்துசேரும்.

தெரிந்து தெளிவோம்

மில்லிகிராமில் சிறு பங்காக உள்ள நீரை அளக்க உதவுவது, செருமானிய வேதியியலாளர் கார்ல் பிஷர் 1935இல் வெளியிட்ட தரம்பார்த்தல் முறை. அயோடின் கலந்த வினைப்பொருள், நீர் உள்ளவரை வினைபுரிந்துகொண்டே இருக்கும். நீர் தீர்ந்ததும் வினை நிற்கும். செலவான அயோடினின் அளவு நீரின் அளவைச் சொல்லும். அடைப்பானை அளக்கும்போது அதனைச் சிறு அடுப்பில் சூடாக்கி, வெளிவரும் ஆவியை உலர்ந்த நைட்ரசன் வளியால் சுமந்துவந்து வினைக்கலத்தில் சேர்ப்பர்.

உலர்த்துவதும் காப்பதும்

தீர்வு எளியதாகத் தோன்றும்: கிருமிநீக்கிய அடைப்பான்களை நன்கு உலர்த்திவிட வேண்டும். ஆலைகளில் நூறு பாகைக்கு மேற்பட்ட சூடான காற்றிலோ வெற்றிடத்திலோ பல மணி நேரம் அவற்றை உலர்த்துகின்றனர். ரப்பர் நீரை மெல்லவே ஏற்கும், மெல்லவே விடும். எனவே, உலர்த்தும் நேரத்தில் அரை மணியைச் சுருக்கிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் இங்கே செல்லாது. அதே வேளையில், வரம்பின்றிச் சூடாக்கினால் ரப்பர் முதுமையடையும். ஊசி குத்தும்போது துணுக்கு பெயர்ந்து மருந்தில் விழலாம். ஒவ்வொரு வகை அடைப்பானுக்கும் எத்தனை பாகையில் எத்தனை மணி நேரம் என்பதை அளந்தறிந்தே முடிவு செய்ய வேண்டும். நீராவியைத் தவிர்த்துக் கதிர்வீச்சால் கிருமி நீக்கும் வழியும் உண்டு. அதனால் ஈரம் சேராது. ஆனால், கதிர்வீச்சு பியூட்டைல் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும் தன்மையது. அளவு மீறினால் ரப்பர் நெகிழ்ந்துவிடும்.

உலர்ந்த அடைப்பான் அத்துடன் காப்பாற்றப்பட்டதாகக் கருதுவது தவறு. கிருமியை உள்ளே விடாது, நீராவியை மட்டும் விடும் சிறப்புத் தாளால் ஆன பைகளில் அடைப்பான்களை இட்டுக் கிருமி நீக்குவதுண்டு. நீராவி புகும் அதே வழியில் பின்னாளில் ஈரக்காற்றும் புகும். இதனால் அப்பையை ஈரம் புகா மற்றொரு படலப் பைக்குள் வைத்து மூடுகின்றனர். எண்ணூர், மணலிப் பகுதிகளில் உள்ளவைபோன்ற கடலோரச் சரக்குக் கிடங்குகளின் காற்றில் வெளிப்பை கிழிந்த நிலையில் சில வாரம் இருந்தால், உலர்த்திய உழைப்பில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஆகவே, பையைத் திறந்த நேரத்திலிருந்து அடைப்பான் குப்பியில் ஏறும் நேரம் வரை எவ்வளவு கடந்தது என்பதைக் குறித்துவைப்பதும் மருந்தாக்கப் பணியின் ஒரு கூறாகும்.

இரு குப்பிகள்

இவையெல்லாம் ஆலைக்குள் முடிந்துவிடும் செய்திகள் அல்ல. இராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ உள்ள நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குத் தாய் ஒருத்தி ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கி வருகிறாள். செவிலியர் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசிக் குப்பியை எடுத்து, உரிய நீர்மம் சேர்த்துக் கரைத்து ஊசி போடுகிறார். அந்தக் கட்டி மிகச் சிறியது. அடைப்பானின் சிறு ஈரமும் அதற்குப் பெரிது. குப்பியில் உள்ள நச்சுயிரிகளில் பல மடிந்துபோயிருந்தாலும் கரைசலின் தோற்றத்தில் மாற்றம் எதுவும் இராது. செவிலியர் அதைக் கண்டறிய இயலாது, தாயும் அறியமாட்டாள். குழந்தைக்கு ஊசி போட்ட குறிப்பு அட்டையில் இருக்கும். பாதுகாப்பு உடலில் இராது. நெருக்கமான குடியிருப்புகளில் தட்டம்மை எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை எண்ணினால் இக்குறையின் கனம் புரியும்.

மற்றொரு குப்பி, பொன்னேரிப் பகுதியின் நெல்வயல்களை அடுத்த ஊர்களின் சுகாதார நிலையங்களில் இருப்பது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து அது. அம்மருந்தை ஆக்குவதற்குத் தேவையான நஞ்சை, 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்து, அதையும் உறைஉலர்த்தியே அனுப்புகிறது. நஞ்சும் உலர்ந்து செல்கிறது. நஞ்சுமுறியும் உலர்ந்து வருகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. குளிர்பதனப் பெட்டி இல்லாத இடத்திலும் சில ஆண்டுகள் கெடாதிருக்கும் உறைஉலர் நச்சுமுறியின் மதிப்பு அந்த எண்ணில் தெரியும்.

நச்சுமுறிக் குப்பியில் புரதத்தின் எடை மிகுதி. 500 மில்லிகிராம் கட்டியில் 1 மில்லிகிராம் நீர் சேர்ந்தால் ஈரம் 0.2 விழுக்காடே உயரும். அவ்வகையில் தடுப்பூசியைவிட இது தாங்கும் திறன் உடையது. ஆனால், இது வெப்பமான அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டியது. ஈரம் மிகுந்து கட்டி சுருங்கிவிட்டால் எளிதில் கரையாது. குலுக்கினால் நுரைக்கும் என்பதால் மெல்லச் சுழற்றியே கரைக்க வேண்டும். கடிபட்டவருக்கு முதல் வேளையிலேயே எட்டு முதல் பத்துக் குப்பி மருந்து தேவைப்படும். ஒவ்வொரு குப்பியும் கரைவதற்குச் சில நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால், மூச்சுத் தசைகள் தளரத் தொடங்கிய நோயாளியின் அருகில் நிற்போருக்கு அந்நிமிடங்களின் நீளம் தெரியும்.

இதனால்தான் ஒவ்வொரு தொகுதி மருந்திலிருந்தும் சில குப்பிகளை விற்பனைக்கு அனுப்பாமல் ஆலையிலேயே நிறுத்திவைக்கின்றனர். மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு எனக் காலம் குறித்து, அவற்றுள் ஒரு சிலவற்றை எடுத்துக் கட்டியின் ஈரத்தை அளந்து பதிவு செய்கின்றனர். முதல் ஆண்டில் ஏறும் அந்த எண், அதன்பின் நின்றுவிட்டதா என்று ஒருவர் ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறார். அவர் அளப்பது மருந்தின் ஈரத்தை. ஆனால், அவர் அறிய விரும்புவது பல மாதங்களுக்கு முன் ஓர் உலர்த்தும் கலத்திலிருந்து அடைப்பான்கள் உரிய நேரத்தில் எடுக்கப்பட்டனவா, சற்று முன்னதாகவே எடுக்கப்பட்டனவா என்பதைத்தான்.